மொய் விமர்சனம்

ஜூலை 14

கதைப்பந்தி செயலியிலிருந்து சென்ற மாத எழுத்துக்கூலி வந்து சேர்ந்தது. தொகையை எழுதி இந்த டைரியைக் கேவலப்படுத்த விரும்பவில்லை. ரீசார்ஜ், அட்டைப்படம் செய்து கொடுத்த பையனுக்கு அழுதது, 'உங்கள் படைப்பை ஆயிரம் பேரிடம் கொண்டு சேர்க்கிறோம்' என்றவனிடம் ஏமாந்தது எல்லாம் கழித்தால், என் கதையை நான் எழுதியதற்கு நானே கூலி கொடுத்திருக்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். என் புனைபெயர் சுண்டைக்காய். சூட்டிக்கொண்ட அன்றே யாராவது பழமொழியை ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

டீச்சர் (என் மனைவி மங்கையர்க்கரசி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். வீட்டிலும் அதைத்தான் நடத்துகிறாள்) சாம்பார் ஊற்றிக்கொண்டே கெடு வைத்தாள்.

"ஆடி முடியட்டுங்க. அதுக்குள்ள இந்த எழுத்து ஏதாச்சும் சம்பாதிக்குதான்னு பாருங்க. இல்லாட்டி ஆவணி பொறந்ததும் எங்கண்ணன் கடையில போயி உக்காருங்க. அவரும் கணக்கெழுத ஆளு தேடிக்கிட்டிருக்காரு."

அண்ணன் என்பவர் மருதையன். சிமெண்ட் கடை. 'கொழுந்தியா கல்யாணமும் கொத்துப் புரோட்டாவும்' என்ற நகைச்சுவைத் தொடரைப் பதினெட்டு பகுதி எழுதிய கை, மச்சானின் கல்லாவில் மூட்டைக் கணக்குப் போடுவதா? கூட்டுறவு சங்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கியது இதற்கா?

வழி ஒன்று உண்டு. ஐந்நூறு விமர்சனம் சேர்ந்தால் செயலியில் 'பொன்னிலை எழுத்தாளர்' ஆகலாம். பொன்னிலை வந்துவிட்டால் தொடரை நடுவில் பூட்டி வைக்கலாம். திறக்க வேண்டுமென்றால் வாசகர் பணம் கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது நாற்பத்தொரு விமர்சனம். அதில் ஆறு நானே எழுதியது.

ஜூலை 17

ஆடி பிறந்தது. என் தொடரின் லிங்க்கைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்றார். பழக்கதோஷம். பெரியப்பா மகன் என் பதினோராம் பகுதியை வெட்டி, என் பெயரை எடுத்துவிட்டு, 'படித்ததில் பிடித்தது' என்று எனக்கே அனுப்பியிருக்கிறான்.

சாயங்காலம் பேராவூரணி கடைவீதியில் டீ குடித்தவர்களிடம் துண்டுநோட்டீஸ் கொடுத்தேன். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து, வடையின் எண்ணெயைப் பிழிந்தார். என் எழுத்தில் சாரம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஜூலை 20

கீரமங்கலத்தில் மருதையன் மச்சானின் சம்பந்தி வீட்டு மொய்விருந்து. நான் போனபின் இந்த டைரியை ஆராயப்போகும் முனைவர் பட்ட மாணவருக்காக ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்தில் பணமுடை வந்தவன் ஆடியில் கறிவிருந்து போடுவான். இதுவரை அவன் யார் யாருக்கு மொய் செய்தானோ அவர்களெல்லாம் வந்து தின்றுவிட்டு, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் திருப்புவார்கள். கறியில் உப்பில்லை என்று யாரும் மொய்யைக் குறைப்பதில்லை. கறிக்கும் மொய்க்கும் சம்பந்தம் கிடையாது.

இலையில் எலும்பை வைத்துக்கொண்டு இதை யோசித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பக்கத்து இலையில் ஏகாம்பரம். அறந்தாங்கியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. அது பகலில். மற்ற நேரத்தில் அவர்தான் 'நிலாப்பெண் நேத்ரா'. கதாநாயகியைப் பகுதிக்கு ஒருமுறை கன்னத்தில் அறையும் கோடீஸ்வரக் கதாநாயகர்களைப் படைப்பவர். வாசகிகள் அவரை 'சிஸ்' என்கிறார்கள். நல்லி உறிஞ்சும் அந்த மீசையை அவர்கள் பார்த்ததில்லை.

"ஏகாம்பரம், விமர்சனத்தையும் மொய் மாதிரி செஞ்சா என்ன? நீ எனக்கு ஒண்ணு, நான் உனக்கு ஒண்ணு."

"செய்யலாம்ணே. ஆனா ஒருத்தர் கதையை ஒருத்தர் படிக்கணுமே."

"இந்தக் கறியை ருசி பாத்துட்டா மொய் எழுதப்போறே?"

அவர் எலும்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு எழுத்தாளன் இன்னொரு எழுத்தாளனை மதித்துப் பார்த்த பார்வையை இன்றுதான் கண்டேன்.

ஜூலை 23

'மொய்க்குழு' தொடங்கியாயிற்று. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை வட்டாரத்து எழுத்தாளர்கள் முப்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். தினமும் அவரவர் லிங்க்கைப் போட வேண்டும். மற்றவர்கள் போய் ஐந்து நட்சத்திரமும் நாலு வரியும் மொய் வைக்க வேண்டும். வாங்கினால் திருப்ப வேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க வழியில்லாததால், அதிகப்படி மொய்க்கு ஒரு பூங்கொத்துப் படம்.

செயலி விதிப்படி இது குற்றம். செயலி விதியை எவன் படிக்கிறான்? கதையையே படிப்பதில்லை.

நான் மூன்று விமர்சனம் தயாராக வைத்திருக்கிறேன். காதல் கதைக்கு: 'மனசை மயிலிறகால் வருடிவிட்டீர்கள்.' சோகத்துக்கு: 'கண்கள் குளமாயின.' நகைச்சுவைக்கு: 'விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னும் எத்தனை பேரை விழ வைக்கப் போகிறீர்களோ.' கதை எந்த வகை என்று அட்டைப்படமே சொல்லிவிடும். மற்றவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. எனக்கு முன்னால் மொய் வைத்தவன் சிரித்திருந்தால் சிரிக்கிறார்கள், அழுதிருந்தால் அழுகிறார்கள்.

ஜூலை 30

முன்னூறைத் தாண்டிவிட்டது. டீச்சர் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவு பேரா சிரிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். கணக்கு வாத்தியார்களுக்கு எண்ணிக்கையின்மேல் ஒரு மரியாதை உண்டு. அன்று ராத்திரி தோசை முறுகலாக வந்தது.

ஆகஸ்டு 3

ஆடிப்பெருக்கு. டீச்சருக்குச் சித்ரான்னத்துக்கு மாங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே இடது கையால் மொய் எழுதினேன். எங்கள் குழுவில் இருக்கும் கீரனூர் சகாயராணி புதுசாக 'ஏணி' என்று ஒன்று போட்டிருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். முன்பு இரண்டு வேடிக்கைக் கதை எழுதியவர். அட்டையில் கார்ட்டூன் ஏணி. வகை தெளிவு. 'விழுந்து விழுந்து சிரித்தேன்' வைத்துவிட்டு மாங்காய்க்குத் திரும்பினேன். முதல் மொய் என்னுடையது.

ஆகஸ்டு 5

'ஏணி'க்குக் கீழே குழுவே சிரித்துக் கிடக்கிறது. 'வயிறு புண்ணாயிற்று சகோதரி', 'ஹா ஹா, செம விழுதல்.' செயலிக்காரர்கள் (அவர்களும் கமெண்ட்டைத்தான் படிப்பார்கள் போல) அதை 'இந்த வாரச் சிரிப்பு' வரிசையில் தூக்கி வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து படிக்கிறார்கள். என் தொடருக்கு இந்த யோகம் வரவில்லை.

திருப்பத்தூர்க்காரர் ஒருவர் என் மொய்க்குக் கீழே, 'நீங்களெல்லாம் மனுஷங்கதானா?' என்று கேட்டிருக்கிறார். நகைச்சுவை உணர்வில்லாதவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள்.

ஆகஸ்டு 6

சகாயராணியிடமிருந்து போன். நன்றி சொல்லத்தான் என்று நினைத்துக் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"அண்ணே, 'ஏணி' படிச்சீங்களாண்ணே?"

"படிக்காமலாம்மா எழுதுவேன்?"

"இல்ல, ஒண்ணு கேக்கணும். எந்த இடத்துல சிரிச்சீங்க?"

இது எந்த ஊர் வழக்கம் என்று தெரியவில்லை. மொய் வைத்தவனிடம் வந்து எந்தத் துண்டு கறி பிடித்தது என்று கேட்பார்களா?

"மொத்தமுமே சிரிப்புதாம்மா."

"அவரு குரல மாத்திப் பேசுற இடமாண்ணே? இல்ல அதுக்கப்புறமா?"

"அதுக்கப்புறம்தான். அங்கதான நீங்க உச்சத்துக்குக் கொண்டு போறீங்க."

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது. ஜலதோஷம் போலிருக்கிறது.

"சரிண்ணே. எனக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன். நீங்களும் சொல்லிட்டீங்க. போதும்ணே," என்று வைத்துவிட்டார்.

எவ்வளவு நாசூக்காகச் சமாளித்தேன் என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். மெச்சினார்.

ஆகஸ்டு 7

'ஏணி' படித்தேன். நாலு பக்கம்தான்.

மோட்டார் போட மறந்துவிட்டேன். டீச்சர் குளிக்காமல் பள்ளிக்கூடம் போனாள்.

ஆகஸ்டு 8

கதை என்னவென்று எழுதி வைக்கிறேன். டைரிக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா.

கதையே இல்லை அது. நடந்தது. போன வருடம் ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு முதல் நாள், சகாயராணியின் புருஷன் அருளப்பன் ஏணியில் ஏறி வாசலில் சீரியல் பல்பு கட்டுகிறார். கட்டிக்கொண்டே, மாடியில் குடியிருக்கும் தன் தங்கையின் புருஷன் மீன் வாங்குவதை நடித்துக் காட்டுகிறார். வீட்டில் அது பழைய நாடகம், எல்லாருக்கும் மனப்பாடம். மச்சான் மீன்சந்தையில் வழுக்கி விழுவதோடு எப்போதும் முடியும். அன்றைக்கும் விழுந்தார். இவள் கீழே நின்று சிரித்தாள். நாடகம் என்று நினைத்து, 'போதும், எந்திரிங்க' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குக் கீழே முதல் வரிசையில், பூங்கொத்துப் படத்தோடு, 'இன்னும் எத்தனை பேரை விழ வைக்கப் போகிறீர்களோ. இப்படிக்கு சுண்டைக்காய்.'

ஆகஸ்டு 9

புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். என் கமெண்ட்டில் 'சிரித்தேன்' என்பதை 'அழுதேன்' என்று திருத்தினேன். 'விழுந்து விழுந்து அழுதேன்.' இன்னும் கேவலமாக இருந்தது. மாற்றுவதற்குள் குழுவில் செய்தி பரவி, தலைவர் அழுகிறார் என்று எல்லாரும் திருத்திவிட்டார்கள். முப்பது பேர் விழுந்து விழுந்து அழுகிறார்கள். ஒருவர் மட்டும் அவசரத்தில் 'ஹா ஹா, அழுதேன்' என்று விட்டுவைத்திருக்கிறார்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன்.

"படிக்கவே இல்லைன்னு உண்மையப் போட்டுருவோம்யா."

"அண்ணே, மொய்ப் பந்தியில ஏறி நின்னு, நான் வச்சது கள்ள நோட்டுன்னு எவனாச்சும் சொல்லுவானா? வச்சவன், வாங்குனவன் எல்லாரையும் சேத்து உள்ள தள்ளுவான். செயலிக்காரன் நம்ம விமர்சனம் மொத்தத்தையும் அழிச்சுருவான். உங்களுக்கு இன்னும் எத்தன வேணும்?"

"பதினாலு."

"பொறவு என்னண்ணே. ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுங்க."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். படுத்தேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 12

ஐந்நூறு. பொன்னிலை. என் படத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் வந்திருக்கிறது. காமாலை மாதிரி.

டீச்சர் கேசரி கிளறினாள். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"'ஏணி'ன்னு ஒண்ணு படிச்சேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் படிச்சோம்."

நான் கேசரியில் முந்திரி தேடினேன்.

"அதுக்குக் கீழ மொதல்ல நீங்க எழுதியிருக்கீங்க. படிச்சுட்டா எழுதுனீங்க?"

"முந்திரி போடலியா?"

"போடல," என்று எழுந்து போனாள்.

ஆகஸ்டு 14

சகாயராணி குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். கேட்டபடி எழுதுகிறேன்.

"அண்ணே, என் நாத்தனா இருதயமேரி எங்கூட பேசுறதில்லண்ணே. மாடியில அவுங்க, கீழ நானு, ஒரே வீடு. அவரு போனதுக்கப்புறம் எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான். எங்கண்ணன் செத்தத ஊரே சிரிக்கிற மாதிரி எழுதிட்டியேன்னுட்டா. ஞாயித்துக்கிழமை அவருக்கு வருஷப் பூசை. வரமாட்டேங்குறா. நீங்க பெரியவங்க, படிச்சு ரசிச்சு சிரிச்சவங்க. நல்லவங்களுக்கும் அந்த இடத்துல சிரிப்பு வரும்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. பூசைக்கு முன்னாடி காலைல கூப்பிடுறேன்."

மூன்று தடவை கேட்டேன். 'நல்லவங்க' என்ற இடத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போகிறது. கூடவே என் பொன்னிலையும். பொய்யையே சொன்னால் எல்லாருக்கும் நல்லது. நான் ஏன் இதை யோசிக்கிறேன் என்றே தெரியவில்லை. இத்தனைக்கும் நான் நகைச்சுவை எழுத்தாளன், யோசிக்கிற ஜாதியே இல்லை.

ஆகஸ்டு 17

ஆவணி பிறந்துவிட்டது. முதலில் வரவுசெலவைச் சொல்லிவிடுகிறேன். 'இதை நான் படிக்காமல் எழுதினேன், எங்கள் குழுவில் யாருமே படிக்கவில்லை' என்று 'ஏணி'க்குக் கீழே எழுதினேன். மத்தியானமே செயலிக்காரர்கள் குழுவின் மொய் அத்தனையையும் வழித்து எறிந்துவிட்டார்கள். பொன்வளையம் போயிற்று. என்னிடம் மிஞ்சியது முப்பத்தைந்து. நானே எழுதிய ஆறையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏகாம்பரம் போனில் பேசியதை எழுத முடியாது. நிலாப்பெண் வாயில் அப்படியெல்லாம் வருமென்று எந்த வாசகிக்கும் தெரியாது. நாளை முதல் சிமெண்ட் கடை. டீச்சர் என் வெள்ளைச் சட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். "அங்க கலர்தாங்க தோது," என்றாள்.

இனி காலையில் நடந்தது. ஏழு மணி வாக்கில் சகாயராணி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அண்ணே, இருதயமேரி பக்கத்துல இருக்கா. சொல்லுங்கண்ணே."

"யாருங்க பேசுறது? நீங்கதான் அந்தச் சுண்டைக்காயா?" என்றது இன்னொரு குரல். என் புனைபெயரை இவ்வளவு பொருத்தமாக இதுவரை யாரும் உச்சரித்ததில்லை.

"ஆமாம்மா. ரெண்டு பேருமே கேட்டுக்கங்க. அன்னைக்கு நான் படிக்காமதான் எழுதுனேன். போன்ல சொன்னதும் பொய்யி. அந்தச் சிரிப்புல ஒண்ணுகூட உங்க அண்ணனப் பாத்து வந்தது இல்ல. படிச்சிருந்தாத்தானே சிரிக்கிறதுக்கு."

சகாயராணியிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. காலடியில் ஏதோ நழுவிய மாதிரி. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேறு ஏதாவது நாசூக்காகப் பேசிவிடுவேன் என்று பயம்.

"பொறவு ஏழாம் தேதிதான் படிச்சேன். அந்த மீன் வாங்குற இடத்துல நெசமாவே சிரிச்சேன். அவரு விழுந்தது எனக்கும் தெரியல. அதுக்கப்புறமும் ரெண்டு வரி சிரிச்சுக்கிட்டே போயிட்டேன். இது நெசம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

"மீன் வாங்குற இடமா? என்ன மீனு?" என்றாள் இருதயமேரி.

"ஏம்மா, நீங்க படிக்கல?"

"நான் எங்க படிச்சேன்? கீழ எல்லாவனும் சிரிச்சு வச்சிருந்தானுங்கள்ல, அதத்தான் பாத்தேன். அதுக்கு மேல படிக்க மனசு வரல."

எங்கள் குழுவில் சேர்ந்திருக்க வேண்டிய பெண்.

"நான் வாசிக்கிறேன், கேக்குறீங்களா?"

டீச்சரின் கைப்பேசியை வாங்கி 'ஏணி'யைத் திறந்தேன். அவள் காப்பித் தம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள். என் தொடரை நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அருளப்பன் ஏணியில் ஏறுகிறார். பல்புச் சரத்தை மீன் மாதிரி வாலைப் பிடித்துத் தூக்குகிறார். மச்சான் குரலில் கேட்கிறார்: 'ஏம்மா, இது நேத்து புடிச்சதா, போன பெருநாளைக்குப் புடிச்சதா? என்னது, உயிர் இருக்கா? அப்ப ஏன் என்னையப் பாத்து ஒண்ணும் பேசமாட்டேங்குது? எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான், மாசக் கடைசியில முறைச்சுக்கிட்டே கெடக்கும்.'

போனில் ஏதோ கேட்டது. இருமல் என்று நினைத்தேன்.

'மீனு வேணாம்மா, விலைய மட்டும் சொல்லு. வீட்ல போயி இவ்வளவு விலைன்னு சொன்னா, அவளே வேணாம்பா. நான் வாங்கப் போன மாதிரியும் ஆச்சு, காசு மிச்சம் புடிச்ச மாதிரியும் ஆச்சு.'

இருமல் இல்லை. "அய்யோ, அந்த ஆளு அப்படித்தான், அப்படியேதான்," என்று இருதயமேரி மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஒரு ஆண்குரல், "என்னடி அங்க சிரிப்பு?" என்று கேட்டது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள்.

அடுத்த வரியில் அருளப்பன் விழ வேண்டும். நான் நிறுத்திவிட்டேன். பொத்தினாற்போல் முடித்துவிடலாமா என்று டீச்சரைப் பார்த்தேன். அவள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசிங்கண்ணே," என்றார் சகாயராணி.

வாசித்தேன். அருளப்பன் விழுந்த வரியிலும் இருதயமேரி சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வரியிலும் சிரித்தாள். 'போதும், எந்திரிங்க' என்ற வரியில் நின்றது.

அப்புறம் நான் வாசிக்கவில்லை. அங்கே யாரும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம், ஏதோ துணி உரசும் சத்தம். வெகுநேரம் கழித்து இருதயமேரியின் குரல், போனை விட்டுத் தள்ளி, வேறு யாரிடமோ பேசுவது போல வந்தது.

"மொகத்தக் கழுவு, மதினி. கோயில் மணி அடிச்சிருவான்."